கமலவல்லி மொண்ட தண்ணீர்

கமலவல்லி அக்கா எங்கள் தெருவைக் கடக்க முன்பெல்லாம் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வீடு கூடையை இறக்கி வைக்க வேண்டியிருக்கும். அந்த மார்கழியில் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டார். மீன் இருந்த அன்னக்கூடையைத் தலையில் வைத்தபடியே "கிழங்கான், காரப்பொடி" என்று இரண்டு தரம் குரல் கொடுப்பார். கதவுகள் திறந்துதான் கிடக்கும். உள்ளேயிருந்து யாரும் வரமாட்டார்கள். மூன்றாம் தரம் கூப்பிடாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அங்கேயும் அதே கதைதான்.

அதற்குக் காரணம் நான்.

எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே, கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லோரும் பாய்ச்சிய பிறகு மிச்சம் இருந்தால் எங்களிடம் வரும். வராத வருஷங்களில் வடிகால் கரையில் ஆயில் என்ஜினை இறக்கி, குழாயைத் தண்ணீருக்குள் போட்டு, இறைத்துப் பயிரைக் காப்பாற்றுவார்கள். வடிகாலுக்கு அக்கரையில் ஓர் இறால் பண்ணை இருக்கிறது. அது வந்த பிறகு நெல்லின் இலைநுனி கருக ஆரம்பித்தது. அறுவடை முடிந்த வயலில் வெள்ளையாக உப்பு பூத்தது. ரெத்தினம் மாமாவுக்கு வடிகாலை ஒட்டி ஆறு மா நிலம். அவர் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸுக்கு மனு எடுத்துக்கொண்டு போனார். மனுவுக்குப் பதில் வரும். எல்லாப் பதிலிலும் ஒரே வரிதான். வடிகால் நீர் மாதம் இருமுறை பரிசோதிக்கப்படுகிறது, அது பாசனத்துக்கு உகந்த அளவிலேயே உள்ளது.

என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா ரெத்தினம் மாமா வயலில்தான் கூலி வேலை செய்கிறார். பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். படித்த பையன் சும்மாதானே இருக்கிறான் என்று ஊரில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு, ஆறு வருஷத்துப் பரிசோதனை அளவுகளைக் கேட்டேன். முப்பத்தெட்டு பக்கம் வந்தது.

முதல் வருஷம் கல்லூரியில் சுற்றுச்சூழல் என்று ஒரு கட்டாயப் பாடம் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பில் அரசின் பங்கு என்ற கேள்விக்குச் சட்டம் இயற்றுதல், உரிமம் வழங்குதல், கண்காணித்தல் என்று வரிசையாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். கண்காணித்தல் என்றால் யார் போய் எதைப் பார்ப்பார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தெட்டு பக்கத்திலும் கடைசிக் கட்டத்தில் அதற்குப் பதில் இருந்தது. மாதிரி எடுத்தவர்: கமலவல்லி, க/பெ நாகநாதன்.

அளவுகளைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. கோடையிலும் மழையிலும் புயலுக்குப் பிறகும் உப்பின் அளவு ஒரே இடத்தில் நின்றது. தண்ணீர் அப்படி நிற்காது. யாரோ எங்கேயோ இருந்து நல்ல தண்ணீரைப் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதை மனதுக்குள் வைத்துக்கொள்ளவும் இல்லை. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது அந்தக் கடைசிக் கட்டத்தைச் சத்தமாகப் படித்தேன்.

ரெத்தினம் மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "அதான பாத்தேன். தீபாவளிக்குப் பண்ணை கேட்டுலேருந்து ஸ்வீட் பாக்ஸோட வந்துச்சே அந்தம்மா. நம்ம வயலக் கெடுத்துட்டு நமக்கே மீனு வேற விக்குது" என்றார்.

அன்று மாலைக்குள் இரண்டு ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து யாரும் மீன் வாங்கவில்லை. என் அம்மாவும் வாங்கவில்லை.

கமலவல்லி அக்காவைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்தது குறைவு. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாகூருக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் நாகநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் அடுத்தவர் படகில் கடலுக்குப் போகிறவர். முதுகுத் தண்டில் அடிபட்டு அவர் கரையில் உட்கார்ந்ததும் கமலவல்லி கூடையைத் தூக்கினார். துறைமுகத்தில் ஏலம் எடுத்து, பஸ்ஸில் வந்து இறங்கி, வடிகால் கரை வழியே நடந்து மூன்று ஊர்களுக்கு விற்பார். இருபது வருஷத்துக்கு மேலாக அதே வழி, அதே வீடுகள். எந்த வீட்டில் கருவாடு ஆகாது, எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த மூன்று ஊரைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

கஜா புயலுக்கு அடுத்த வருஷம் வடிகாலில் உப்பு ஏறுகிறதா என்று பார்க்க ஒரு திட்டம் வந்தது. அப்போதிருந்த பொறியாளர் மதகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது இவர் கூடையோடு வந்திருக்கிறார். தினமும் இந்த வழியாகத்தானே போகிறீர்கள், மாதம் இரண்டு தடவை பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆபீஸில் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஒரு அடையாள அட்டையும் கொடுத்தார்கள். தண்ணீர் எடுக்கும் நாளில் மட்டும் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டுவாராம். மற்ற நாட்களில் அது சுருக்குப்பையில் இருக்கும்.

அடுத்த மாதிரி எடுக்கும் தேதி எனக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று விடிந்ததும் போய் மதகுச் சுவருக்குப் பின்னால் நின்றேன். கையில் போன், படம் பிடிக்க. வேறெங்கோ பிடித்த தண்ணீரைக் கேனில் கொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன்.

வந்தார். கூடையைப் படித்துறையில் இறக்கி ஈரச்சாக்கால் மூடினார். சோப்புப் போட்டு இரண்டு கையையும் முழங்கை வரை கழுவினார். சேலையில் துடைத்துவிட்டு அட்டையை மாட்டிக்கொண்டார். கூடையின் ஓரத்திலிருந்து ஒரு கொட்டாங்கச்சியை எடுத்தார். படியில் குந்தி உட்கார்ந்தார், ஆனால் மொள்ளவில்லை. தண்ணீரில் அலை அடங்கும்வரை அசையாமல் இருந்தார். பிறகு கொட்டாங்கச்சியைச் சாய்த்து, பால் ஆடை எடுப்பதுபோல, மேலே இருந்த தண்ணீரை மட்டும் வழித்தார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது, தள்ளிக் கொட்டினார். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து மறுபடி வழித்தார். இப்படி ஒரு பாட்டில் நிறைய கால் மணி நேரம் ஆனது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் குழப்பம்தான் வந்தது. ஏமாற்றுகிறவர், பார்க்க யாரும் இல்லாத இடத்தில் எதற்கு இவ்வளவு பாடுபட வேண்டும். சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். அவர் திடுக்கிடவில்லை. மீன் வேண்டுமா என்று கேட்டார்.

"ஏங்க்கா மேலேயே மொள்ளுறீங்க?" என்றேன்.

"பின்ன, அடியிலயா மொள்ளுவாங்க? அடியில உப்புல்ல தம்பி."

அடியில் உப்பு என்று அவருக்குத் தெரியும். ஆறு வருஷமாக ஆபீஸ் கண்டுபிடிக்காததை, ரெத்தினம் மாமாவின் மனுக்களால் நிரூபிக்க முடியாததை, மீன் விலை சொல்லும் குரலில் சொன்னார்.

மெல்ல மெல்லக் கேட்டேன். அவர் பிறந்த ஊரில் குழாய் வருவதற்கு முன்னால் கடற்கரை மணலில் ஊற்று தோண்டித்தான் குடிக்கத் தண்ணீர் எடுப்பார்களாம். மழைத் தண்ணீர் மேலே மிதக்கும், கீழே கடல் தண்ணீர் நிற்கும். குடத்தை அமுக்கினால் கீழே உள்ள உப்பு கலங்கி மேலே வந்துவிடும். அதனால் பெண்கள் கொட்டாங்கச்சியால் கலங்காமல் மேலாக வழித்து வழித்துக் குடம் நிரப்புவார்கள். கலக்கிவிடுகிற பெண்ணை மற்றவர்கள் அடுத்த நாள் ஊற்றுக்குச் சேர்க்க மாட்டார்களாம். ஏழு வயதில் பழகிய கை அது. "கவர்மெண்டுக்குக் குடுக்கிற தண்ணி. அந்த சார் சொன்னாரு, தூசி தும்பு இல்லாம நல்லா எடுத்துக் குடுங்கன்னு. நல்லாத்தான் எடுக்கிறேன்" என்றார்.

எதற்காக எடுக்கிறார்கள் என்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொல்லியிருந்தார்களாம். நன்றாக இருந்தால் தங்கள் குடியிருப்புக்கு இங்கிருந்து குழாய் போட்டு ஒரு டேங்க் கட்டித் தருவார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் கெட்ட தண்ணீர் போய்விடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து எடுத்திருக்கிறார்.

அந்தத் தண்ணீரை வைத்துத்தான் பண்ணையின் உரிமத்தைப் புதுப்பிக்கிறார்கள், அதனால்தான் ஊரில் மீன் வாங்குவதில்லை என்று நான் சொன்னபோது அவர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். எனக்கு அப்போதும் சந்தேகம் முழுக்கப் போகவில்லை. இவ்வளவு வெள்ளந்தியாக ஒருவர் இருக்க முடியுமா என்று தோன்றியது. ஸ்வீட் பாக்ஸைப் பற்றிக் கேட்டேன்.

"வாங்குனேன். கரையோரம் நிலம் உள்ளவங்க, கரை வழியா நடக்கிறவங்க எல்லாருக்கும்தான் குடுத்தான். உங்க ரெத்தினத்துக்கும் வந்துச்சு. அவரு வூட்டுப் பிள்ளைங்க ஜாங்கிரி தின்னுட்டுத்தான் எங்கிட்ட நெத்திலி வாங்குனாங்க."

என்ஜின் விஷயமும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என்ஜின் குழாயின் வாய் வடிகாலின் அடியில் சேற்றை ஒட்டிக் கிடக்கும். பண்ணைக்காரர்கள் குட்டையைக் காலி செய்யும்போது வருகிற உப்புத் தண்ணீர் கனம், அது அடியில் தங்கிவிடுகிறது. வயலுக்குப் போனது அடித்தண்ணீர். பாட்டிலுக்குப் போனது மேல்தண்ணீர்.

நாகப்பட்டினத்தில், அந்தப் பாட்டில்கள் போய்ச் சேரும் ஆபீஸுக்குப் போனேன். உதவிப் பொறியாளர் ஸ்ரீவித்யா என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அங்கே வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முகம் சிறுத்துவிட்டது. பீரோவிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நீர் மாதிரி சேகரிப்புப் பயிற்சி என்று தலைப்பு. நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே மாதிரி எடுக்க வேண்டும் என்று விளக்கப்பட்டது என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே கமலவல்லி என்று கோணல்மாணலாக ஒரு கையெழுத்து.

"ரெக்கார்டு படி அவங்களுக்கு ட்ரெயினிங் குடுத்திருக்கோம்" என்றார் ஸ்ரீவித்யா. அதை நம்பிச் சொன்னாரா, நம்ப விரும்பிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு வழியையும் அவரே சொன்னார். தை மாதக் கடைசியில் பண்ணையின் உரிமம் புதுப்பிக்க வருகிறது. ஆறு வருஷத்து அளவுகள் கோப்பில் இருக்கும்வரை மறுக்க முடியாது. தவறான முறையில் மாதிரி எடுத்துவிட்டேன் என்று அந்த அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பழைய அளவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, புதிதாக எடுத்துப் பார்க்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றியது. இந்த ஒரு காகிதம் கிடைத்தால் ஊருக்கு வழி பிறக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் தவறு செய்தவர் என்று ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். பயிற்சி கொடுத்ததாக எழுதியவர் இருக்க மாட்டார். ஆறு வருஷம் ஒரே அளவு வருவதைப் பார்த்தும் ஒரு நாள்கூட மதகுக்கு வந்து எட்டிப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அரசாங்கம் வடிகாலைக் காக்கிறதா, தன் கோப்பைக் காக்கிறதா என்று யோசித்தேன். அப்படி யோசித்துவிட்டும் வீட்டுக்கு வந்து அந்த வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். எழுத்து நன்றாக வந்தது. அது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ரெத்தினம் மாமாவும் கூட வருவேன் என்று வந்தார். படித்துறையில் வைத்துக் காகிதத்தை நீட்டினேன். கமலவல்லி அக்கா என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"எம்மா, ஒரு கையெழுத்துல எங்க பொழப்பு இருக்கு. போடும்மா" என்றார் ரெத்தினம் மாமா. வழக்கமான நக்கல் இல்லாமல், ஏறக்குறையக் கெஞ்சினார்.

"எம் பொழப்பும் அதுலதான இருக்கு" என்றார் அவர். "நான் போட்டா என்ன ஆகும்? காசு வாங்கலன்னு அதுல இருக்கா? தப்பா எடுத்தேன்னுதான் இருக்கு. நாளைக்கு ஒங்க பொண்டாட்டி என்ன சொல்லும்? அதுவே கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிச்சுன்னு சொல்லும்."

பயிற்சிப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டேன். கையெழுத்துப் போட்டது உண்மைதான் என்றார். ஆபீஸுக்கு வரச் சொன்னார்களாம். டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பயிற்சி கொடுக்க வேண்டிய ஐயாவுக்கு வேறெங்கோ மீட்டிங், அதனால் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாட்டிலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். "கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் இங்க வந்து நிக்கிறேன். இனிமே எழுத்துல வேணாம். அந்த ஆபீஸ் அம்மாவ இங்க வரச் சொல்லுங்க. மூணு ஊரு ஆளும் வரட்டும். மேல எப்பிடி எடுத்தேன், அடியில என்ன கெடக்குன்னு எல்லாரு முன்னாலயும் மொண்டு காட்டுறேன்."

ஸ்ரீவித்யா வருவார் என்று நான் நம்பவில்லை. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார், தேதி தள்ளிப்போனது. உரிமத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜீப்பில் வந்து இறங்கினார். மூன்று ஊரிலிருந்தும் ஐம்பது அறுபது பேர் கரையில் நின்றார்கள். பண்ணையின் மேனேஜரும் அக்கரையில் வந்து நின்றுகொண்டு யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். கமலவல்லி அக்கா அன்று மீன் கொண்டு வரவில்லை. அட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அடித்தண்ணீர் எடுக்கும் கருவியை டிரைவர் பெட்டியோடு தூக்கி வந்தார். திட்டம் தொடங்கிய வருஷமே வாங்கியது. பெட்டியின் சீல் அன்றைக்குத்தான் உடைக்கப்பட்டது. உள்ளே ரப்பரெல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. ஸ்ரீவித்யா நகத்தால் பிரித்துப் பார்த்தார், வரவில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இதுவும் திட்டமிட்ட நாடகமாக இருக்குமோ என்று மனதில் ஓடியது. கருவி பழுது என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டால் என்ன செய்ய முடியும்.

கமலவல்லி அக்கா ஒரு காலி பாட்டிலை வாங்கினார். தான் கொண்டு வந்த பையிலிருந்து வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை எடுத்துப் பாட்டிலின் அடியில் கட்டினார். பாட்டிலின் கழுத்தில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டினார். வாயில் ஒரு தக்கையை லேசாகச் சொருகி அதற்குத் தனியாக இன்னொரு நரம்பு. மதகின் மேல் ஏறி நின்று பாட்டிலை இறக்கினார். அது அடியைத் தொட்டதும் இரண்டாவது நரம்பை வெடுக்கென்று இழுத்தார். தக்கை கழன்றது. குமிழிகள் வந்து நின்றதும் மேலே தூக்கினார். பிறகு படியில் இறங்கிக் குந்தி உட்கார்ந்து, அலை அடங்கக் காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மேல்தண்ணீரை வழித்து இன்னொரு பாட்டிலை நிரப்பினார். சிரித்தவர்கள் படியோரம் நெருங்கி வந்து நின்றார்கள்.

தன்னிடமிருந்த சிறிய மீட்டரை ஸ்ரீவித்யா முதலில் மேல்தண்ணீரில் வைத்தார். பழைய அளவேதான். அடித்தண்ணீரில் வைத்ததும் எண் ஓடி ஏறியது. அவர் மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ரெத்தினம் மாமாவுக்கு எண்ணில் நம்பிக்கையில்லை. பாட்டிலில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கரையோரம் போய்த் துப்பினார். மூன்று தரம் துப்பினார். திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஸ்ரீவித்யா ஆய்வு அறிக்கையை ஜீப்பின் மேல் வைத்து எழுதினார். மேல் மாதிரி, அடி மாதிரி, இரண்டின் அளவு. எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். கமலவல்லி அக்கா பேனாவை வாங்கவில்லை.

"அடியில எடுக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலன்னு எழுதுங்கம்மா."

"அது இதுல வராதும்மா. இது தண்ணியப் பத்தின ரிப்போர்ட்டு."

"தண்ணிய எடுத்தது நானு. என்னைப் பத்தி வராம தண்ணியப் பத்தி மட்டும் எப்பிடிம்மா வரும்?"

ஸ்ரீவித்யா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். பதிவேட்டில் அவருடைய ஆபீஸே எழுதி வைத்திருப்பதற்கு எதிராக அவர் கையாலேயே எழுத வேண்டும். மேலதிகாரி கேட்பார். எட்டு மாத வேலை. நான் அவர் இடத்தில் இருந்தால் எழுதியிருப்பேனா என்று தெரியாது. அவர் எழுதினார். இரண்டு வரி. முறையான பயிற்சி நேரில் அளிக்கப்படவில்லை என்று மாதிரி சேகரிப்பாளர் தெரிவிக்கிறார், கருவி இதுவரை பயன்படுத்தப்படவில்லை என்பது என் முன்னிலையில் உறுதியானது. சத்தமாகப் படித்தும் காட்டினார். படித்ததுதான் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ரெத்தினம் மாமா என்னை முன்னே தள்ளினார். பார்த்தேன். எழுதியிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஸ்ரீவித்யா தடுக்கவில்லை.

பண்ணை வடிகாலில் தண்ணீர் விடக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. மறு உத்தரவு வரும் வரை என்று அதில் இருக்கிறது. அந்த மறு உத்தரவு எப்போது, யார் சொல்லி வரும் என்று யாருக்கும் தெரியாது. கமலவல்லி அக்காவை இனி மாதிரி எடுக்க வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஸ்ரீவித்யாவைத் திருவாரூர் பக்கம் மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது தண்டனையா, வழக்கமான மாறுதலா என்று விண்ணப்பம் போட்டுக் கேட்டால் வழக்கமானது என்றுதான் பதில் வரும்.

மாசி பிறந்ததும் தெருவில் மீன் வாங்க ஆரம்பித்தார்கள். ரெத்தினம் மாமா வீட்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். அக்கா நின்றார், நிறுத்துக் கொடுத்தார், பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் அம்மா மத்தி வாங்கினார். நான் உள்ளேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு வெளியே வந்தேன்.

கமலவல்லி அக்கா கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஒன்னு கேக்கணும் தம்பி. அன்னைக்கு நான் மேல வழிக்கிறத நீ ஒளிஞ்சு நின்னு பாக்கலன்னு வய்யி. என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்ப?"

பொய் சொல்ல ஒரு நொடி இடம் இருந்தது.

"காசு வாங்கிட்டீங்கன்னுதான் நெனச்சிருப்பேன்."

"ம்" என்றார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. எதையோ சரிபார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. அம்மா கை கொடுக்க, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.